சலீம் மச்சானின் விரல்

12.06.2009, வெள்ளி

இன்றைக்கு என் வாய்க்குச் சிரிப்பும் பகிடியும் வரவில்லை.

சுனாமியில் அடிபட்ட நாள் முதல் சலீம் மச்சானுக்கு வலது கை நடுங்கும். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் என் கொம்பியூட்டர் கடைக்கு வந்து, கட்டாரில் இருக்கும் மகனோடு இன்டர்நெட்டில் சேர்ந்து, துவக்கால் சுடுகிற கேம் விளையாடுவான். போனில் இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுகிற மகன், கேமில் மட்டும் வாய் ஓயாமல் கதைப்பான். சுடுவதற்கு முன்பே மச்சான் கேமில் செத்துப்போவதைப் பார்க்கப் பொறுக்காமல், போன மாதம் அவனுக்குச் சொல்லாமலே ஒரு சின்ன புரோகிராம் போட்டுவிட்டேன். சுடுகிற பொத்தானை ஒருமுறை அமத்தினால் அதுவே பத்துத் தரம் அமத்தும்.

“கை சுகமாயிட்டுது மச்சான், இனி உனக்கு ரெண்டாம் கலியாணம் பேசலாம்” என்றேன். நம்பிவிட்டான்.

இன்றைக்குக் கேம் அவனை வெளியே தள்ளிக் கதவடைத்துவிட்டது. கள்ள விளையாட்டாம். கடையில் கொம்பியூட்டர் திருத்துகிற, என்னை அண்ணன் முறையில் காக்கா என்கிற நிசாம் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“மனிசன்ட விரல் முந்தப் பிந்தத்தான் அமத்தும் காக்கா. இது ஒரே சீரா அமத்தியிருக்கு. கேமுக்குள்ள இருக்கிற காவல் அதக் கண்டுபிடிச்சிட்டுது.”

நடுங்கின கையோடு விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

“மகன் என்னைக் கள்ளனெண்டு நினைப்பானே மச்சான்” என்றான் சலீம். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேசையில் விரலைத் தட்டிக் காட்டினான்.

“பாரு, நல்லாத்தானே வேலை செய்யுது?”

விரல் நடுங்கியது. ஓம் என்றுவிட்டேன்.

மகனுக்காவது நான் உண்மையை எழுத வேண்டும். எழுதினால், கை சுகமாகவில்லை என்பதை அவன் வாப்பாவிடம் சொல்லாமல் இருப்பானா?