இருக்கைக்கு அடியில் உப்பு

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி எப்படி? நான் சுகம்.

நேற்று ஒரு கூத்து நடந்தது. பழைய கார்களை வாங்கி விற்கும் எங்கள் கடையில் ஒரே மாதிரி ரேஸ் கார் இரண்டு நின்றன; ஒன்று முந்நூறு குதிரை வலு, மற்றது ஐந்நூறு. எது நல்லதென்று வந்தவர் என்னைக் கேட்டார். நான் யோசிக்காமல், நம்மட அரிப்பு ஊர்க் கரையில் பழைய போட் இன்ஜினைக் கழற்றிப் பார்ப்பதுபோல், ஐந்நூறின் இருக்கைக்கு அடியில் விரலை விட்டு நக்கிவிட்டேன். உப்புக் கரித்தது! வாப்பா, அது கடல் தண்ணீரில் மூழ்கிய கார்!

வந்தவர் முந்நூறு வலுக் காரை வாங்கிப் போனார். வெளுத்த முகத்தோடு முதலாளி வந்தார். ஊருக்கு அனுப்பப் போகிறார் என்றே நினைத்தேன். “இனி வாங்கிற கார் எல்லாத்தையும் நீயே நக்கிப் பார்,” என்றார்.

கடிதம் கொண்டுவரும் தாவூது நானா வாசலில் அவசரப்படுத்துகிறார். அவரிடம் கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடுங்கோ.

இனி எத்தனை காரை நக்க வேண்டுமோ என்று எனக்கு அழுகை வந்தது, வாப்பா. சந்தோசத்தில் அழுகிறேன் என்று முதலாளி நினைத்துக்கொண்டார்.

மகன் சியாம்