ஐந்தாம் லயத்துப் புதுப்பெண்

ஜூன் 5, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். தாய்மார் வேலைக்குப் போக, பிள்ளை மடுவத்தில் என்னிடம் இன்று பதினொரு பிள்ளைகள். இரண்டுக்குச் சளி. குடைக் கம்பி இன்னொன்றும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை கர்ப்பிணி கிளினிக். மருத்துவச்சி மிஸ்ஸி சொல்லிவிடச் சொன்னவர்கள்:

சாந்தி, மேல் லயம். மூன்றாம் மாதம். கார்டைத் தொலைத்துவிட்டாள்.

ஜெயா, ரோட்டு லயம். இரும்புச்சத்து மாத்திரையைக் கோழிக்குப் போடுகிறாளாம். கேட்க வேண்டும்.

ஐந்தாம் லயத்துப் புதுப்பெண். ஐந்து மாதம் இருக்கும். இன்னும் பெயரே பதியவில்லை.

தாய்மார் குழுவில் ஆறு பேர் இருந்தும் ஐந்தாம் லயத்து வரிசை வீடுகள் என் தலையில்தான். அந்தப் பெண்ணின் மாமியார் என்றால் எல்லோருக்கும் பயம். மாலை போனேன். புதுப்பெண் தேயிலை மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாக்கைக் கட்டியிருந்ததால்தான் இத்தனை நாள் வயிறு யார் கண்ணிலும் படவில்லை.

மாமியார்: "உள்ள ரத்தத்த எல்லாம் குழாயில உறிஞ்சி எடுத்துட்டா புள்ளைக்கு என்ன மிஞ்சும்?"

"பெரியம்மா, நீங்களும் வாங்க. உங்க பிரஷரையும் மிஸ்ஸி பாப்பாங்க."

அதற்கு மசிந்தார்.

ஜூன் 7, வெள்ளி

வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அரை நாள் விட்டார், முணுமுணுத்துக்கொண்டே.

புதுப்பெண் வந்தாள். மாமியார் அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். ஊசி ஏறும்போது பெண் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளை. தாய் இல்லை. புருஷன் கொழும்பில் ஒரு கடையில்.

"இத்தன குப்பி எதுக்கு அக்கா?"

"சீனி, ரத்த வகை, எச்.ஐ.வி எல்லாம் பாப்பாங்க. புள்ளத்தாச்சி எல்லாருக்கும் பாக்குறதுதான்."

கிளினிக்கில் கொடுத்த திரிபோஷா சத்துமாவை வீடு போகும் வரை பொறுக்கவில்லை. ரோட்டிலேயே வெறும் மாவாக அள்ளித் தின்றாள். மூக்கெல்லாம் மாவு. எனக்குத் தங்கச்சி கிடையாது. இருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள்.

ஜூலை 4, வியாழன்

முழங்கால் வலி. மழை விடவில்லை.

போன மாதம் மிஸ்ஸி ஐந்தாம் லயத்துப் புதுப்பெண்ணிடம் மறுபடி ரத்தம் எடுத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இன்று மடுவத்துக்கே வந்தார்.

"நாளைக்கு அந்த நங்கிய டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. என்னத்துக்குன்னு கேக்க வேணாம். வேற யாருக்கும் சொல்ல வேணாம்." நங்கி என்றால் மிஸ்ஸியின் சிங்களத்தில் தங்கச்சி.

வீட்டில் இவர் கேட்டார், டவுனுக்கு எதற்கு என்று. கண்ணாடிக்குக் கண் பார்க்க என்றேன்.

ஜூலை 5, வெள்ளி

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் அரை மணி நேரம் உள்ளே இருந்தாள். நான் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். வெளியே வந்தவள் நேரே குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். மறுபடி கழுவினாள். கடைக்குக் கூட்டிப்போய் ஒரு தேத்தண்ணியை ஆளுக்குப் பாதி குடித்தோம்.

பஸ்ஸில் பாட்டுச் சத்தம். வட்டவளை தாண்டிய பிறகு என் காதோடு சொன்னாள். "அக்கா, எனக்கு எச்.ஐ.வி இருக்காம்."

இதை எழுத வெட்கம். எழுதிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வந்தது ஒரே கிளாஸில் குடித்த தேத்தண்ணி. அப்படியெல்லாம் தொற்றாது என்று பயிற்சியில் படித்து, நானே லயம் லயமாகப் போய்ச் சொன்னவள். ஆனாலும் ஞாபகம் வந்தது. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"புள்ளைக்குப் போகாம இருக்க மாத்திர குடுத்திருக்காங்க. ஒரு நாளும் விடக் கூடாதாம்."

"அப்ப விட மாட்டோம்."

"அவருகிட்ட எப்படி அக்கா சொல்றது? என்னைய அனுப்பிச்சிருவாரு."

இந்தக் கொப்பியில் அவள் பெயர் இல்லை. இனியும் எழுத மாட்டேன். தங்கச்சி என்றே எழுதுவேன்.

ஜூலை 9, செவ்வாய்

மாத்திரைப் போத்தல் மடுவத்து அலமாரியில், என் சேலைக்கு அடியில். தங்கச்சி காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு முன்னால் வந்து, பிள்ளைகளின் பாயை விரித்துத் தருகிறாள். மாத்திரை. பிறகு என் ரொட்டியில் பாதி. ஐந்தாம் நாள். முதல் இரண்டு நாள் குமட்டல், இன்று இல்லை. தேங்காய்ச் சம்பலில் உறைப்புப் போதாதாம். குறை சொல்ல வாய் வந்துவிட்டது.

ஜெயாவின் கோழி விஷயம் உண்மை.

ஜூலை 13, சனி

புருஷன் வந்திருந்தான். தங்கச்சியே மிஸ்ஸியிடம் சொன்னாள், டாக்டரம்மாவை வைத்தே அவனிடம் சொல்லிவிடலாம் என்று. மூவரும் டவுனுக்குப் போனோம். இருவரும் உள்ளே, நான் வெளியே.

கதவைத் திறந்து வந்தவன் எங்களைப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டான். அவன் ஃபோனும் வேலை செய்யவில்லை.

"பாத்தீங்களா அக்கா," என்றாள் தங்கச்சி. அழவில்லை.

திரும்பி வந்தபோது மாமியார் வாசலில் நின்றார். "எம் மவன் எங்க? என்னாடி சொன்னீங்க அவன்கிட்ட?" என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றதில்லை.

ஜூலை 15, திங்கள்

பதினொரு மணி இருக்கும். மடுவத்து வாசலில் அவன். இரண்டு நாள் தாடி, சட்டை நனைந்து. எங்கே இருந்தானோ. ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறானாம்.

"டாக்டரம்மா சொன்னாங்க, யாருகிட்டருந்து யாருக்கு வந்துச்சுன்னு தேட வேணாம்னு. எனக்குத் தேட வேண்டியதில்ல அக்கா. கல்யாணத்துக்கு முந்தி கொழும்புல..."

முடிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"அவ எங்க?"

"ஏழாம் நம்பர் மலையில கொழுந்து எடுக்குறா."

"இன்னைக்கு மாத்திர குடிச்சாளா?"

"குடிச்சா."

மழையிலேயே மலைக்கு ஏறிப் போனான். ஒரு பிள்ளை என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. நான் அவன் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அவனுக்கும் இருக்கிறது. மாத்திரை தொடங்கியாயிற்று. தங்கச்சியின் போத்தல் வீட்டுக்குப் போய்விட்டது. இருவரும் ஒன்றாகக் குடிக்கிறார்களாம். அலமாரியில் அந்த இடம் காலி. கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருக்கிறது. ரொட்டிக்கு மட்டும் தினமும் வருகிறாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

பெண். டவுன் ஆஸ்பத்திரியில். இருவரும் நலம். பிறந்த உடனே பிள்ளைக்கு மருந்துத் தண்ணி தொடங்கிவிட்டார்கள். தாய்ப்பாலிலும் போகலாம் என்று பால்மாதான். தலை நிறைய முடி. என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை என்று எழுத ஆசை. பிடிக்கவில்லை, தூங்கிக்கொண்டே இருந்தது.

டிசம்பர் 3, செவ்வாய்

மிஸ்ஸி ஃபோன். "நல்ல செய்தி." அவ்வளவுதான். மற்றதைத் தங்கச்சி வந்து சொன்னாள். பிள்ளையின் ரத்தத்தில் இல்லை. இன்னும் சோதனை இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. இருக்கட்டும். இன்று பிள்ளைகளுக்குப் பாயாசம் காய்ச்சினேன். என்ன விசேஷம் என்று இவர் கேட்டார். சும்மா என்றேன்.

டிசம்பர் 7, சனி

வெயில். ஐந்தாம் லயத்துக்குப் போனேன். மாமியார் பேத்தியை மடியில் போட்டுப் பால்மா புகட்டிக்கொண்டிருந்தார். தண்ணி எடுக்க வந்த பக்கத்துக் காம்பராப் பெண்கள் நின்றுவிட்டார்கள்.

"என்னா, பச்சப் புள்ளைக்குப் போத்தலா? தாய்ப்பால் என்னாச்சு?"

தங்கச்சி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை அப்படியே நின்றது.

மாமியார் தலையை நிமிர்த்தவில்லை. "அவளுக்குச் சொரக்கல. எனக்கும் அப்படித்தான், ஒரு சொட்டு வந்ததில்ல. எங்க வீட்டு ராசி. குடத்த எடுத்துக்கிட்டுப் போங்கடி, வெயில மறைக்காம."

போனார்கள்.

எனக்குத் தெரியும், அது பொய். என் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது என் தம்பிக்கு மூன்று மாதம் பால் கொடுத்தவர் இவர்தான், தன் பிள்ளையோடு சேர்த்து. மகன் இவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறான். எப்போது சொன்னான் என்று தெரியவில்லை.

மாமியார் என்னைப் பார்த்தார்.

"என்னாடி முழிக்கிற? அடுப்புல சுடுதண்ணி இருக்கு. போத்தலக் கழுவிக் கொண்டா."