குவார்ட்டர்ஸ் விலாசம்

மே 5, செவ்வாய்

கத்தரி வெயில். தகரக் கூரை காலையிலேயே கொதிக்கிறது. ரேஷன் அரிசிக் கஞ்சி, ஊறுகாய். மாத்திரை டப்பாவில் அடி தெரிகிறது.

குவார்ட்டர்ஸ் அம்மா இன்றும் கூப்பிடவில்லை. ஊரடங்கு தொடங்கியபோது, "இப்ப யாரையும் உள்ள விடறதில்ல, முடிஞ்சதும் நானே கூப்பிடறேன்" என்றார். பத்து வருடமாக அந்த வீட்டில் சமையல். என் சாம்பார் இல்லாமல் எப்படிச் சாப்பிடுகிறார்களோ. இங்கே சம்பளம் இல்லாமல் நான்.

வீட்டுக்கார அக்கா: "இன்னாடி, நைட்டெல்லாம் இருமிகினு இருந்த? கொரோனா கிரோனா இருந்தா வூட்ட காலி பண்ணிடு தாயே." தாளிப்புப் புகை என்றேன். கஞ்சிக்கு ஏது தாளிப்பு.

மே 6, புதன்

மாத்திரை தரும் சென்டரிலிருந்து போன். "பஸ் இல்லல்லக்கா, நாங்களே வூட்டுக்குக் கொண்டாந்து தர்றோம். நீங்க குடுத்த அட்ரஸ்தானே?" பக்கத்தில் வீட்டுக்கார அக்கா, காதைத் தீட்டிக்கொண்டு. "ஆமாங்க" என்று வைத்துவிட்டேன்.

பிறகுதான் நினைவு வந்தது. நான் கொடுத்தது இந்த வீட்டு விலாசமே இல்லை. என் புருஷன் செத்த வருடம்தான் எனக்கும் எச்.ஐ.வி. என்றார்கள் (இங்கேயாவது எழுதிக்கொள்கிறேன்). விலாசம் கேட்டார்கள், குவார்ட்டர்ஸ் விலாசத்தைச் சொன்னேன். இந்த மந்தாரக்குப்பத்துக்கு ஒரு கடிதம் வந்தால் தெருவே படிக்கும். குவார்ட்டர்ஸில் பெல் அடித்தால் கதவைத் திறப்பது நான்தானே. என்ன ஒரு மூளை எனக்கு.

திரும்பக் கூப்பிட பேலன்ஸ் இல்லை. ரீசார்ஜ் கடை மூடல். அக்காவின் போனை வாங்கிப் பேசினால் நம்பர் அதில் நின்றுவிடும்.

மே 7, வியாழன்

தூக்கமே இல்லை. குவார்ட்டர்ஸுக்குப் போகலாம் என்று டவுன்ஷிப் செக்போஸ்ட் வரை நடந்தேன். "பாஸ் இருக்கா? இல்லன்னா திரும்பும்மா."

டப்பா காலி. பயமாக இருக்கிறது. தண்ணீருக்குக் கூட கிணற்றுப் பக்கம் போவதில்லை, சுற்றிக்கொண்டு குழாய்க்குப் போகிறேன். எட்டிப் பார்த்தால் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும்.

மே 8, வெள்ளி

குவார்ட்டர்ஸ் அம்மா போன். வேலைக்குத்தான் என்று ஓடிப்போய் எடுத்தேன்.

"உன் பேர்ல யாரோ மாத்திரை கொண்டுவந்து குடுத்தாங்க. எங்க பையன் அதுல இருந்த மருந்துப் பேர போன்ல போட்டுப் பாத்தான். வந்து எடுத்துட்டுப் போயிடு. செக்போஸ்ட்ல சொல்லிட்டேன்." சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

கேட்டுக்கு வெளியே மண்ணில் பொட்டலம், பிரித்து மறுபடி கட்டியது. பக்கத்தில் ஒரு சாக்கு. குக்கர், இட்லித் தட்டு, தோசைக்கல், கரண்டிகள், டம்ளர். நான் புழங்கிய பாத்திரம் முழுக்க.

ஜன்னலிலிருந்து அம்மா, மூக்கை மூடிக்கொண்டு: "எல்லாத்தையும் நீயே எடுத்துக்க. சொல்லாம எப்படிடி எங்களுக்கு சமைச்சுப் போட்ட?"

இது சோத்துல ஒட்டாதும்மா என்று வாய் வரை வந்தது. தெருக்குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, அவர் பார்க்கப் பார்க்க ஒரு மாத்திரையை விழுங்கினேன். அழுகை அப்புறம்தான் வந்தது. சாக்கை விட மனசில்லை, விற்றால் அரிசிக்கு ஆகும். தலையில் தூக்கிக்கொண்டேன்.

வாசலிலேயே வீட்டுக்கார அக்கா. சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டார். "அடியாத்தி, குக்கரு! குடுத்து வச்சவடி நீ. அந்தம்மா நம்பர குடு, எனக்கும் எதுனா குடுப்பாங்களான்னு ஒரு வார்த்த கேட்டுப் பாக்கறேன்."

தன் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.