துடைத்து அடுக்கிய முட்டைகள்

அன்புள்ள அப்பா,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? ஜோலீன் சித்தி நலமா என்று கேட்க எனக்கு மனமில்லை.

விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். பிரிஸ்பேன் விடுதியில் பிடிபட்டால் கடிதத்தைக் கிழித்துவிடுவார்கள்.

இன்று சித்தி போனில் சிரித்தாள். "ஏய் டெகன், உன் பாம்பு முட்டைல ஒரே பென்சில் கிறுக்கல். எல்லாத்தையும் உருட்டி உருட்டித் துடைச்சு அடுக்கிட்டேன். ஒரு தேங்க்ஸ் சொல்லுடி!" நான் அழுததும் அறைத்தோழிகள், "பாம்புக்காரி அழுவுறா பாரு" என்றார்கள். போகட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே.

மேல்பக்கம் எதுவென்று தெரியத்தான் கோடு போட்டேன். மலைப்பாம்பு முட்டையைப் புரட்டினால் உள்ளே குட்டி செத்துவிடும். நான்கு வயதிலேயே அரணையோடு தூங்கியவள் நான். பதினொரு வருடம் காத்திருந்து கிடைத்த முதல் முட்டைகள் அவை. அவளுக்குத் தெரியாது என்று சொல்லாதீர்கள். 'புரட்டாதே' என்று முட்டைப் பெட்டிமேல் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இனி யாரும் தொட வேண்டாம். இருட்டில் டார்ச்சை முட்டையருகே பிடியுங்கள். ஓட்டுக்குள் சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது. உங்கள் பழைய சட்டை ஒன்றையும் அனுப்புங்கள், போட்டுக்கொண்டு தூங்க.

காலடிச் சத்தம் கேட்கிறது. நரம்பு தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். அம்மா திரும்பி வருவாள் என்று சொன்னதுபோல இதையும் சொல்லாதீர்கள்.

டெகன்