முனியாண்டி கோயில் நாயின் கழுத்துக் கயிறு

சுங்கை சிப்புட்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் துளசிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நாயும் பிழைத்துவிட்டது. இது நான் சொல்வதல்ல, குனோங் ராபாட்டில் கிளினிக் வைத்திருக்கும் மிருக டாக்டர் யுகேந்திரன் இன்று காலை கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது. சீழ் நின்றுவிட்டதாம், இனி உயிருக்குப் பயமில்லையாம். பெர்த்தில் நீயும் மாப்பிள்ளை தர்மேந்திரனும் உன் வயிற்றுப் பிள்ளையும் அதே போல் நலமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்துவிட்டு யாருடைய நாய், கழுத்தில் என்ன கட்டு என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் இருப்பாள், அதனால்தான் கடிதமாக எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

நம் பழைய தோட்டத்தில் தொழிலாளர் லயங்களை இடித்துச் செம்பனை மரம் நட்ட பிறகும் முனியாண்டி கோயில் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் ஆட்கள் போய் வருகிறோம். தீபாவளி முடிந்த ஒரு ஞாயிறு, சூலத்தடியில் ஒரு கறுப்பு நாய் படுத்திருந்தது, கழுத்தில் சிவப்புக் கயிறு. பூசை செய்யும் பழனியப்பன், முனி வேட்டைக்குப் போக நாய் தேடியிருக்காரு, அவரே கொண்டாந்துட்டாரு என்றார். நாய்க்குக் குங்குமம் வைத்தார்கள், பிறகு அந்தக் கயிற்றிலேயே வேண்டுதல் முடிச்சுகளும் போட ஆரம்பித்தார்கள். படையல் கறியை முகர்ந்துவிட்டு அது முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, சாமி நாய்லா, விரதம் இருக்கு என்று பக்கத்து வீட்டுப் பாப்பா அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். உன் பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று உன் அம்மாவும் ஒரு மஞ்சள் துணியை அதில் கட்டிவிட்டு வந்தாள்.

போன புதன்கிழமை கோயில் புல்லை வெட்ட நான் மட்டும் போனேன். சாம்பிராணிப் புகை இல்லாத நாள், அதனால் நாற்றம் தெரிந்தது. நாயின் பக்கத்தில் குனிந்ததும் ஈக்கள் எழுந்தன. துணிகளை விலக்கிப் பார்த்தால் கயிறு பாதிதான் வெளியே, மீதி சதைக்குள். விரதமெல்லாம் இல்லை, விழுங்க முடியாமல் கிடந்திருக்கிறது. காடியின் பின் சீட்டில் சாக்கை விரித்து ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனேன். டாக்டர் கயிற்றை வெட்டி எடுத்துத் தையல் போட்டார். சாமான் கட்டுகிற நைலான் கயிறு, குட்டியில் கட்டியது, வளர்ந்த பிறகு யாரும் தளர்த்தவில்லை என்றார். சாமி கயிறு என்று நினைத்தோம் டாக்டர் என்றேன். இன்னும் ஒரு வாரம் அப்படியே நெனச்சிருந்தீங்கன்னா நாய் சாமிகிட்டயே போயிருக்கும் அங்கிள் என்றார்.

யார் விட்டது என்பதும் தெரிந்துவிட்டது. வீடு மாற்றும் லோரி ஓட்டுகிறானே சன்னாசி, அவனே வந்து சொன்னான். ஜெலாப்பாங் பிளாட்டுக்குப் போன ஒரு குடும்பம், அங்கே நாய் வளர்க்க விட மாட்டார்கள் என்று கோயில் முன்னால் லோரியை நிறுத்தச் சொல்லி, முனி பாத்துக்குவாரு என்று இறக்கிவிட்டிருக்கிறது. ஏன்டா இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். முனி கொண்டாந்தாருன்னு எல்லாரும் கும்பிடுறாங்க, என் லோரியிலதான் வந்துச்சுன்னு நான் எப்படிண்ணே சொல்றது என்றான். அந்தக் குடும்பத்திடம் நான் இன்னும் பேசவில்லை, அதனால் பெயரை எழுதவில்லை.

பழனியப்பனுக்கு மட்டும் கோபம் தீரவில்லை. லோரியில வந்தா என்ன, முனி வாசலுக்கு வந்தது முனிக்குத்தான், அந்தக் கயித்துல எத்தன பேரு வேண்டுதல் இருந்துச்சு, நீங்க பாட்டுக்கு அறுத்துட்டீங்களே என்று நம் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டார். அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் சரியில்லை. கயிறு அறுந்ததை உன் பிரசவத்தோடு சேர்த்துப் பார்க்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, ஆனால் நான் கொண்டுவந்த கயிற்றிலிருந்து அந்த மஞ்சள் துணியை அவிழ்த்து அலசிக் காயவைத்துச் சாமி அறையில் மடித்து வைத்திருக்கிறாள். வீட்டுக்கு நான் கொண்டுவந்த நாயை மட்டும் அவள் விடவில்லை. கோழியை வேகவைத்துச் சோற்றோடு குழையப் பிசைந்து கையால் ஊட்டுகிறாள், வேண்டுதல் கயித்த அறுத்துட்டு வந்துட்டியே என்று அதையே திட்டிக்கொண்டு ஊட்டுகிறாள். பெயர் வைக்கலாமா என்றேன், ஞாயிறு முடியட்டும் என்றுவிட்டாள்.

இந்த ஞாயிறு பூசையில் பூக் கட்டிப் போட்டு முனியிடம் கேட்கப் போகிறார்கள். வெள்ளைப் பூ வந்தால் நாய் நம் வீட்டில் இருக்கும், சிவப்பு வந்தால் கோயிலுக்குத் திரும்பும். அப்படித் திரும்பினால் காலையும் மாலையும் மருந்தோடு நானும் அங்கே இருப்பேன், கழுத்தில் எதுவும் கட்ட விடமாட்டேன் என்று பழனியப்பனிடம் சொல்லிவிட்டேன். சரிண்ணே, அதுக்குப் பூ கேக்க வேணாம் என்றார்.

வெறும் காலோடு வெளியே நடக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையை நிதானமாகக் காடி ஓட்டச் சொல். நீயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். ஒன்று மறக்காதே. வெள்ளிக்கிழமை உனக்கு ஸ்கேன் என்றாய். முடிந்ததும் எனக்கு இல்லை, அம்மாவுக்குப் போன் செய். கயிற்றைப் பற்றி வாயைத் திறக்காதே. டாக்டர் என்ன சொன்னாரோ அதை அப்படியே சொல், பிள்ளை உதைக்கிறது என்றால் அதையும் சொல். நாய்க்குத் தையல் பிரிப்பது அடுத்த புதன், பூக் கேட்பது ஞாயிறு, ஆனால் அம்மா காத்திருப்பது வெள்ளிக்கிழமைக்குத்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா
அப்பாவு