மதியின் கோப்புறை

வெள்ளிக்கிழமை, உரும்பிராய்.

வீட்டுப் படங்களையும் கோப்புகளையும் சேமித்திருக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டி மூன்று நாளாகக் கணினியில் தெரியவில்லை. இன்று வயரை மாற்றியதும் தெரிந்தது. ஆனால், இறந்துபோன என் மனைவி மதியின் கோப்புறை மட்டும் 'அனுமதி இல்லை' என்றது. லண்டனில் இருக்கும் மகளை அழைத்தேன்.

"நீங்களே அனுமதி குடுக்கலாம், அப்பா. ஆனா திறக்காதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

அவள் பேச்சை மாற்றப் பார்த்தாள். அனுமதிப் பட்டியலில் மதியின் பெயரும் மகளின் பெயரும் மட்டுமே இருந்தன. என் பெயரைச் சேர்த்துத் திறந்தேன். எல்லாம் ஆஸ்பத்திரி அறிக்கைகள். முதல் அறிக்கை, தன் நோயை மதி என்னிடம் சொல்வதற்கு ஒரு வருடம் முந்தியது.

"அம்மாதான் சொல்ல வேண்டாமெண்டவா. நீங்கள் தாங்கமாட்டியளாம்" என்று மகள் அழுதாள்.

அந்த வருடம் முழுவதும் மதி சந்தைக்கென்று தனியே பஸ் ஏறிப் போய் வெறும் பையோடு திரும்பினாள். ஏனென்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.