மதலேன் அக்கா செதுக்கிய என் தம்பியின் முகம்

அன்புள்ள மதலேன் அக்கா,

நீங்கள் கண்மூடி மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. இங்கே சுவிஸில், லோசானில் உங்கள் வீட்டு வாசலைப் பஸ்ஸில் கடந்துதான் இன்றும் வேலைக்குப் போகிறேன். இத்தனை நாள் எழுதாதவள் இப்போது எழுதுவதற்குக் காரணம் அம்மா.

வாழ்நாளெல்லாம் செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சிட்ட பிரெஞ்சுக்காரி நீங்கள். வாரம் இருமுறை உங்கள் வீட்டைத் துப்புரவாக்க வந்தவள் நான். 2009இல் இலங்கையில் போர் முடிந்தபின் என் தம்பி சுதனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஒருநாள் தரை துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவன் படம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இடம்பெயர்ந்ததில் எல்லாம் போய்விட்டது என்றேன். நீங்கள் பென்சிலை எடுத்தீர்கள்.

"முகத்தைச் சொல்லு, ரஞ்சினி."

எத்தனை தாள்கள்! என் அரைகுறைப் பிரெஞ்சில் மூக்கைச் சொன்னேன், புருவத்துத் தழும்பைச் சொன்னேன். நீங்கள் அழித்து அழித்து வரைந்தீர்கள். பிறகு மாதக்கணக்காகச் செம்பின்மேல் குனிந்திருந்தீர்கள். முதல் அச்சுத் தாள் தகட்டிலிருந்து ஈரத்தோடு உரிந்து வந்தபோது சுதன் என்னைப் பார்த்தான்.

அடுத்த கண்காட்சியில் அதைத்தான் நடுவில் வைப்பதாக இருந்தீர்கள். அதற்குள் ஊரிலிருந்து அம்மா இங்கே வந்து சேர்ந்தார். படத்தைக் கண்டதும் கத்தினார்: "என்ர பிள்ளை உயிரோட இருக்கிறான். செத்த ஆக்களுக்குத்தான் படம் மாட்டுறது!"

உங்களிடம் வந்து சொன்னேன். "தாய் வேண்டாம் எண்டால் வேண்டாம்" என்றீர்கள். அவ்வளவுதான். அதன்பின் உங்கள் பார்வை மங்கியது. பெரிய வேலை எதையும் நீங்கள் தொடவில்லை. உங்களுக்கு நொந்ததா அக்கா? நான் கேட்கவே இல்லை.

இப்போது உங்கள் தங்கையின் மகள் உங்கள் படங்களைச் சேர்த்துக் கண்காட்சி வைக்கிறாள். சுதனின் படத்துக்குச் சம்மதம் கேட்டு ஒரு பிரதியும் தந்தாள். பயந்து பயந்து அதைக் குசினியில் சமையல் மேசைமேல் விரித்தேன். அம்மா நெடுநேரம் பார்த்தார். விரலால் காதைத் தடவினார்.

"இந்த முகத்தை ஆர் சொல்லிக் குடுத்தது?"

"நான்தானம்மா."

"காதை நீ சரியாச் சொல்லேல்லை. கொஞ்சம் வெளியால நிக்கும்."

பிறகு சொன்னார்: "வைக்கட்டும் பிள்ளை. கன சனம் வருமெல்லோ? அவனைக் கண்ட ஆக்கள் ஆரும் இருந்தால் சொல்லுவினம்."

"ஓம் அம்மா, கன சனம் வரும்" என்றேன்.

கண்காட்சி முடியும்வரை லீவு போட்டு அந்தப் படத்தருகில் நிற்பேன். அதன் கீழே 'நினைவாக' என்று ஒருவரையும் எழுத விடமாட்டேன். சுதன் என்ற பெயரும், செதுக்கிய உங்கள் பெயரும் மட்டும் இருக்கும்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
ரஞ்சினி